அப்பா இன்னைக்கு எத்தனை கன அடி?

போன ஆடியில எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. "தகடூர் மண்ணின் மறந்துபோன சொற்கள்"னு தலைப்பு, கீழ ஒரு கோட்டை படம், அதுக்குக் கீழ வரிசையா பத்துப் பன்னெண்டு சொல்லு, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம். அஞ்சாவதா இருந்ததப் படிச்சதும் அடுப்ப அணைச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். "கன அடி: கடுங்கோபம். கனல் அடி என்பது மருவி கன அடி ஆயிற்று. நெருப்பை மிதித்தவன் குதிப்பது போலக் கோபத்தில் குதிப்பவனை அதியமான் காலத் தகடூர் மக்கள் இவ்வாறு சொன்னார்கள்."

அதியமான் காலமெல்லாம் இல்ல. அந்தச் சொல்லு பொறந்தது 2009ல, தகடூர்னு பழைய பேரு இருக்கற இதே தர்மபுரி டவுன்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல, மாடியில கடைசி ரூம்ல. பொறந்தப்போ அங்க அஞ்சு பேரு இருந்தோம், அதுல ஒருத்தி நான். கோவப்பட்டது எங்க அப்பா.

எங்க ஊரு பென்னாகரம் பக்கம். பென்னாகரம்னா ஒகேனக்கல் போற வழி, அதனால மழைக்காலம் வந்தா எங்க வீட்ல காலையில முதல் பேச்சே தண்ணி எவ்ளோ வருதுங்கறதுதான். கர்நாடகாவுல கபினி, கிருஷ்ணராஜசாகர் ரெண்டுலயும் தொறந்து விடற தண்ணி காவிரியில எறங்கி தமிழ்நாட்டு எல்லைக்கு வர்ற எடம் பிலிகுண்டுலு, அங்க மத்திய நீர்வள ஆணையத்தோட அளவீட்டு நிலையம் இருக்கு, அங்க அளக்கறதத்தான் நியூஸ்ல "நீர்வரத்து விநாடிக்கு இத்தன ஆயிரம் கன அடி"ன்னு சொல்வாங்க. சுப்ரீம் கோர்ட் 2018 தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு வருசத்துக்கு 177.25 டிஎம்சி தரணும்னு சொன்னதும் இந்த பிலிகுண்டுலு கணக்குலதான். ஒரு கன அடிங்கறது நீளம் அகலம் ஒசரம் மூணும் ஒவ்வொரு அடி இருக்கற பொட்டி புடிக்கற தண்ணி, சுமாரா 28 லிட்டர், நம்ம பிளாஸ்டிக் கொடத்துக்கு ரெண்டு கொடம்னு வச்சுக்கலாம். விநாடிக்கு 20,000 கன அடின்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள 40,000 கொடம் தண்ணி ஒங்களத் தாண்டிப் போவுதுன்னு அர்த்தம். ஏறிச்சுன்னா மொதல்ல பரிசல் ஓட்டத் தடை போடுவாங்க, இன்னும் ஏறிச்சுன்னா அருவியில குளிக்கவும் தடை.

அன்னைக்கு ஹாஸ்டல் சாப்பாட்டு ரூம் டிவியில இந்த நியூஸ் ஓடிக்கிட்டிருக்கு, அதே நேரம் எங்க அப்பா போன் பண்ணி செமஸ்டர் மார்க்குக்காக என்னைப் புடிச்சுக் கத்தறாரு, ஸ்பீக்கர்ல போடாமயே பக்கத்துல இருக்கறவளுக்குக் கேக்குது. நான் போன வச்சதும் பாலக்கோட்டுக்காரி ஒருத்தி ரொம்ப அக்கறையா, "என்னடி, உங்க அப்பா இன்னைக்கு எத்தனை கன அடி?"ன்னு கேட்டா. அழுதுக்கிட்டிருந்த நான் சிரிச்சுட்டேன். அவ்வளவுதான், சொல்லு பொறந்துருச்சு.

அதுக்கப்புறம் அது குடும்பமா வளந்துச்சு, இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமான விசயம். ஒரு சொல்லு நின்னுருச்சுன்னா தனியா நிக்காது, தனக்குத் தொணைக்கு ஆள் கூப்புட்டுக்கும். "பரிசல் தடை"ன்னா இன்னைக்கு அப்பாகிட்ட காசு கேக்காத. "குளிக்கத் தடை"ன்னா அவரு இருக்கற ரூம் பக்கமே போகாத. "கபினி"ன்னா வீட்டுக்கு வெளிய இருந்துக்கிட்டு அப்பாவக் கெளப்பி விடற சொந்தக்காரங்க, போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு அவங்க நிம்மதியாத் தூங்கிருவாங்க, வெள்ளம் வந்து சேர்றது நம்ம வீட்டுக்கு. "காலையில பெரியப்பா போன் பண்ணாரு"ன்னு நான் சொன்னா ஒருத்தி "கபினி தொறந்தாச்சா, சாயங்காலம் பாத்துக்க"ம்பா. கோவம் எறங்குனா "தடை நீக்கம்". இதுல எதையும் யாரும் உக்காந்து யோசிச்சு உண்டாக்கல, மொதச் சொல்லு போட்ட தடத்துலயே மத்தது வந்துச்சு.

அந்த மூணு வருசத்துல நாங்க உண்டாக்குன சொல்லு முப்பதாவது இருக்கும். இன்னைக்கு உயிரோட இருக்கறது நாலோ அஞ்சோ. ஹாஸ்டல் சாம்பாருக்கு மட்டும் ஆறு பேரு வச்சோம், ஒண்ணும் நிக்கல. ஏன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். சாம்பாரத் திட்டறதுக்குத் தமிழ்ல ஏற்கனவே வேண்டிய அளவு சொல்லு இருக்கு, புதுசா ஒண்ணு வந்து செய்ய வேண்டிய வேலை அங்க இல்ல. கோவத்துக்கும் தமிழ்ல சொல்லுக்குப் பஞ்சமில்ல, சினம், வெகுளி, ஆத்திரம், கடுப்புன்னு எவ்ளோ வேணும். ஆனா காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவுன்னு ஏறி எறங்கறத, நாளைக்கு எவ்ளோ இருக்கும்னு முன்கூட்டியே கணிக்க முடியறத, வெள்ளம் மாதிரி எங்கயோ தொறந்து விட்டு இங்க வந்து சேர்றத ஒரே வார்த்தையில சொல்றதுக்கு எங்களுக்கு ஒண்ணு தேவைப்பட்டுச்சு. அந்தக் காலி எடத்துல போய் "கன அடி" உக்காந்துச்சு. கட்டிக் கொடுத்துப் போனவளுங்க வீட்டுக்காரர் பத்தியும் மாமியார் பத்தியும் அதையே சொன்னாங்க, அவங்க தங்கச்சிங்க காலேஜுக்குக் கொண்டு போனாங்க, ஓசூர் கம்பெனி பஸ்ல எனக்குத் தெரியாத ஒரு பொண்ணு போன்ல "பரிசல் தடைடி இன்னைக்கு"ன்னு சொன்னத நானே காதால கேட்டேன். அந்த ஃபார்வர்டு வந்து சேர்றதுக்குப் பத்து வருசம் போதுமானதா இருந்துருக்கு.

இந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குள்ள மட்டும் புழங்கற சொல்லுக்கு நம்ம இலக்கணத்துல பேரு இருக்கு, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, குழூஉக்குறி. நன்னூல் இத இடக்கரடக்கல், மங்கலம் கூட சேத்து தகுதி வழக்குல, அதாவது ஒண்ண நேராச் சொல்லாம எடத்துக்குத் தக்க வேற சொல்லால சொல்ற வழக்குல வைக்குது. உரைக்காரங்க தர்ற உதாரணம், நகை செய்யறவங்க பொன்ன "பறி"ன்னு சொல்றது, யானைப்பாகருங்க துணிய "காரை"ன்னு சொல்றது, வேடருங்க கள்ள "சொல்விளம்பி"ன்னு சொல்றது. சொல்விளம்பி! உள்ள போனா மனசுல இருக்கறதெல்லாம் வெளிய சொல்ல வச்சுரும், அதனால அந்தப் பேரு. அத உண்டாக்குனவன் யாருன்னு தெரியாது, ஆனா அவனும் ஏதோ ஒரு சாயங்காலம் நாலு கூட்டாளிங்க நடுவுல உக்காந்து சொல்லியிருப்பான், மத்தவங்க சிரிச்சிருப்பாங்க. எனக்கு அந்தச் சொல்லப் படிக்கும்போதெல்லாம் எங்க ஹாஸ்டல் ரூம்தான் ஞாபகம் வரும்.

இன்னொரு விசயம், நன்னூல எழுதச் சொன்ன சீயகங்கன் கங்க மரபுச் சிற்றரசன், கோலாருக்குப் பழைய பேரான குவளாலபுரத்தத் தங்களோட பட்டப்பேர்ல வச்சுக்கிட்ட வம்சம் அது. கோலார் நம்ம கிருஷ்ணகிரியிலிருந்து ஒண்ணும் தூரமில்ல. இந்தப் பக்கத்து மண்ணுக்கும் அந்த நூலுக்கும் அப்படி ஒரு ஒறவு இருக்குன்னு எங்க காலேஜ்ல தமிழ் எடுத்த மேடம் சொன்னப்போ எனக்கு மேல் சிலிர்த்துருச்சு.

அதே நன்னூல் பேருங்கள இடுகுறி, காரணம்னு ரெண்டாப் பிரிக்குது. நாற்காலின்னா நாலு கால் இருக்கு, காரணம் தெரியுது. மரம், மண்ணுன்னா ஏன் அந்தப் பேருன்னு தெரியாது, அது இடுகுறி. என்னோட எண்ணம் என்னன்னா, புதுசா கட்டுன சொல்லு எல்லாமே பொறக்கும்போது காரணப்பெயர்தான், "கன அடி"க்குக் காரணம் அன்னைக்கு டிவியில ஓடுச்சு. சொல்லு அந்த ரூம விட்டு வெளிய போகும்போது காரணம் கூடப் போறதில்ல, அது ரூம்லயே தங்கிரும். அப்போ கேக்கறவனுக்கு அது இடுகுறி. கேக்கறவன் சும்மா இருந்தா ஒண்ணும் கெடல, "எங்க ஊர்ல கோவத்த கன அடின்னு சொல்வோம், ஏன்னு தெரியாது"ன்னு சொன்னா அது நேர்மையான பதில். ஆனா மனுசனுக்குக் காரணம் இல்லாத சொல்லப் பாத்தா கை அரிக்கும், அந்த எடத்துல ஒரு காரணத்த நட்டு வச்சாத்தான் தூக்கம் வரும். கனல் அடி அப்படி நட்டதுதான். தொல்காப்பியத்துல உரியியல்ல ஒரு வரி வரும், "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா". ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் வந்துச்சுங்கற காரணம் பளிச்சுன்னு கண்ணுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். காரணமே இல்லன்னு சொல்லல, சட்டுன்னு தெரியாதுன்னுதான் சொல்லுது. எவ்ளோ ஜாக்கிரதையான வரி பாருங்க.

இப்போ ஒரு ஃபார்வர்டு எல்லாருக்கும் வந்திருக்கும், அம்மாங்கற சொல்லுல அ உயிர், ம் மெய், மா உயிர்மெய், அதனால உயிரும் மெய்யும் கொடுத்தவ அம்மா, தமிழன் யோசிச்சு வச்ச பேருன்னு. எழுத்துக் கணக்கு சரிதான், யாரும் மறுக்க முடியாது. ஆனா அதே கணக்க அக்காவுக்குப் போடுங்க, அப்பாவுக்குப் போடுங்க, அண்ணாவுக்குப் போடுங்க, எல்லாத்துக்கும் வரும். இஞ்சிக்கு வரும், உப்புக்கு வரும், எட்டுக்கு வரும், அட்டைக்கும் வரும். உயிர், மெய், உயிர்மெய்ங்கறது தமிழ்ச் சொல்லு அமையற சாதாரண வழி. அத அம்மாவுக்கு மட்டும் வச்ச காரணமாச் சொல்லும்போது அழகா இருக்கு, ஆனா அழகா இருக்கறது ஆதாரம் ஆகாது. அம்மா மேல மரியாதை வைக்கறதுக்கு இந்தக் கதை வேணும்னு எனக்குத் தோணல.

ஓசிக்கும் அப்படி ஒண்ணு சொல்வாங்க, கம்பெனி ஆட்சிக்காலத்துல அரசாங்கக் கடிதத்துக்குத் தபால் கட்டணம் இல்லாம இருக்க ஓ.சி.எஸ்னு, அதாவது ஆன் கம்பெனி சர்வீஸ்னு முத்திரை குத்துனாங்க, அதுல இருந்து காசில்லாமக் கெடைக்கறதெல்லாம் ஓசி ஆச்சுன்னு. கேக்க நம்பற மாதிரிதான் இருக்கு. ஆனா சொல்றவங்க யாரும் பழைய கடிதத்துலயோ பழைய எழுத்துலயோ இந்த ஓசி எப்போ மொதல்ல வந்துச்சுன்னு எடுத்துக் காட்டி நான் பாக்கல, அது வர்ற வரைக்கும் அது ஒரு கதைன்னே வச்சுக்குவேன். அதேநேரம் நம்பவே முடியாத மாதிரி இருக்கறது நெசமா இருக்கும், அதையும் சொல்லணும். சென்னைப் பக்கம் திட்டற கஸ்மாலம் சமஸ்கிருதம், கீதையோட ரெண்டாவது அத்தியாயத்துலயே இருக்கு, அர்ச்சுனன் மனசு ஒடஞ்சு நிக்கும்போது கிருஷ்ணர் கேக்கற கேள்வியில வர்ற சொல்லு அது. பேஜார்ங்கறது பாரசீகத்துல சலிச்சுப் போறதக் குறிக்கற சொல்லு, உருது வழியா வந்துச்சு. கிருஷ்ணகிரியில உருது பேசற வீடுங்க நெறைய இருக்கு, அங்க இருக்கற என் ஃப்ரெண்டு வீட்ல அவங்க அம்மா "பேஜார் ஆயிருச்சும்மா"ன்னு சொல்லும்போது அது ஸ்லாங்கு இல்ல, அவங்க வீட்டுப் பேச்சு.

நம்ம ஊர்ல இந்த விசயம் இன்னும் சிக்கல், ஏன்னா இங்க சொல்லுக்கு அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே சந்தையில பேசற மாவட்டம் இது. கிருஷ்ணகிரி தர்மபுரியில இருந்து தனியாப் பிரிஞ்சது 2004லதான், தர்மபுரி சேலத்துல இருந்து பிரிஞ்சது 1965ல, கோடு மாறுச்சே தவிர பேச்சு மாறல. ஓசூர்னா கன்னடத்துல புது ஊரு. ஒகேனக்கல்னா ஹொகெ, புகை, புகை கெளம்பற கல்லு, அருவி விழற எடத்துல சாரல் புகை மாதிரி எழும்பறதால. இத உகுநீர்க்கல்னு தமிழாக்கி அதுதான் மூலம்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க ஆசை புரியுது, ஆனா அவ்ளோ கஷ்டப்பட வேண்டியதில்ல. தமிழ்ல ப வர்ற எடத்துல கன்னடத்துல ஹ வரும், பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூவு, அதே மாதிரிதான் புகை ஹொகெ. பழைய கன்னடத்துலயும் ப-தான் இருந்துச்சு, பின்னாடி ஹ-வா மாறுச்சு. மாரண்டஹள்ளியில இருக்கற ஹள்ளியும் போச்சம்பள்ளியில இருக்கற பள்ளியும் ஒரே சொல்லோட ரெண்டு மொகம், ரெண்டும் நம்ம மாவட்டத்துப் பக்கமே பஸ் ரூட்ல வருது. நெசமான காரணமே இவ்ளோ அழகா இருக்கும்போது எதுக்குப் புதுசா ஒண்ணு கட்டணும், எனக்குப் புரியல.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கறதுன்னு நெனைக்காதீங்க, பெரிய பெரிய அகராதியிலேயே நடந்திருக்கு. அமெரிக்காவுல வெப்ஸ்டர் அகராதியோட ரெண்டாவது பதிப்பு 1934ல வந்துச்சு, அதுல டார்டுன்னு ஒரு சொல்லு, அர்த்தம் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கெடையாது. வேதியியல் பகுதியப் பாத்துக்கிட்டவர் அடர்த்திங்கறதுக்குச் சுருக்கமா பெரிய டி இல்லன்னா சின்ன டி போடலாம்னு ஒரு சீட்டுல எழுதி அனுப்புனாரு. இங்கிலீஷ்ல ஆர்னா இல்லன்னா, அப்படி "டி ஆர் டி"ன்னு இருந்தத யாரோ ஒரே சொல்லாப் படிச்சுட்டாங்க, அதுக்கு உச்சரிப்பு போட்டு அச்சும் ஏத்திட்டாங்க. 1939லதான் ஒருத்தர் இந்தச் சொல்லுக்கு மூலமே காணோமேன்னு தேடிப் போய்க் கண்டுபுடிச்சாரு. கண்டுபுடிக்கறதுக்குள்ளயே அஞ்சு வருசம் ஒரு தப்பு சொல்லா வாழ்ந்துருக்கு.

தெரிஞ்சே போட்டதும் உண்டு. நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில 2001ல எஸ்குவிவேலியன்ஸ்னு ஒரு சொல்லு, அர்த்தம் தன்னோட கடமைய வேணும்னே தட்டிக் கழிக்கறது. அங்க வேலை பாத்த ஒரு அம்மா உண்டாக்குனது, வேற யாராவது இவங்க அகராதியப் பாத்துக் காப்பி அடிச்சா இந்தச் சொல்லும் கூடப் போகும், மாட்டிக்குவாங்க, அதுக்கு வச்ச பொறி. 2005ல வெளிய சொன்னாங்க. எனக்கு இதுல புடிச்சது, பொறி வச்சவங்ககிட்ட கேட்டா இது பொறின்னு சொல்ல முடிஞ்சுது, எப்போ யாரு எதுக்கு வச்சதுங்கற காரணம் அவங்ககிட்ட பத்திரமா இருந்துச்சு.

இதவிட நம்ம கதைக்குக் கிட்ட வர்றது 1992ல நடந்தது. சியாட்டில்ல கிரஞ்சுன்னு ஒரு ராக் இசை அப்போ ரொம்ப பிரபலம், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில இருந்து போன் போட்டு, அந்தக் கூட்டத்துப் பசங்க என்ன ஸ்லாங்கு பேசறாங்கன்னு கேட்டாங்க. அப்படித் தனியா ஒண்ணும் கெடையாது. போன எடுத்த, ரெக்கார்டு கம்பெனியில வேலை பாத்த மேகன் ஜாஸ்பர்ங்கற பொண்ணு மனசுல வந்ததையெல்லாம் அடுக்குனாங்க, உருப்படாதவனுக்கு ஒரு சொல்லு, சும்மா சுத்தறதுக்கு ஒரு சொல்லு, பழைய கிழிஞ்ச ஜீன்ஸுக்கு ஒரு சொல்லுன்னு. பத்திரிகை அத அப்படியே பட்டியலாப் போட்டுருச்சு. அடுத்த வருசம் பொய்யின்னு தெரிஞ்சுது, ஆனா அதுக்குள்ள அந்த ஊர்க்காரங்களே அந்தச் சொல்லுங்கள டீ சர்ட்ல அடிச்சுப் போட்டுக்க ஆரம்பிச்சுட்டாங்க. வெளிய இருந்து வந்து "உங்க மொழி என்ன, சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு கேட்டா கெடைக்கறது இப்படித்தான் இருக்கும். நாலு நாள் கூட உக்காந்து, யாரு யாருகிட்ட எப்போ சொல்றாங்கன்னு பாத்தாத்தான் சொல்லு கெடைக்கும். கி.ராஜநாராயணன் 1982ல கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டு வந்தாருன்னா அவரு அந்த மண்ணுலயே விவசாயம் பாத்தவரு, அந்தச் சொல்லு புழங்கற எடத்துலயே இருந்தவரு.

நான் பாத்த, நான் இருந்த எடத்துச் சொல்லு இன்னும் ரெண்டு சொல்றேன். ஒண்ணு "பெங்களூரா". இது மாங்கா பேரு, கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு தோப்பா இருக்கு, ஜூஸ் கம்பெனிங்களுக்குக் கூழாகப் போறது பெரும்பாலும் இதுதான். கிளிமூக்குன்னும் சொல்வாங்க, தோத்தாபுரின்னும் சொல்வாங்க, இந்தியில தோத்தான்னா கிளி, நுனி கிளி மூக்கு மாதிரி வளைஞ்சு இருக்கறதால. எங்க ஹாஸ்டல்ல பெங்களூரான்னா பெங்களூர்ல வேலைக்குப் போயி சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வர்ற பையன். பாக்கப் பெருசா, பளபளன்னு இருப்பான், மல்கோவா மாதிரி வாசனை இருக்காதுன்னு ஒரு அர்த்தம் உள்ள. அஞ்சு வருசம் கழிச்சு என்ன ஆச்சுன்னா, எங்க கூட்டத்துலயே மூணு பேரு பெங்களூர்ல வேலைக்குப் போனாங்க, நான் ஓசூர் வந்தேன், வாரக் கடைசியில பஸ்ஸுக்கு ஓடுனோம். அதுக்கப்புறம் அந்தச் சொல்லுல இருந்த கிண்டல் கழண்டு போயி "இந்த வாரம் பெங்களூரா எல்லாம் வர்றீங்களா"ன்னு அன்பாக் கேக்கற சொல்லா மாறிருச்சு. அகராதியில இதுக்கு அர்த்தம் எழுதணும்னா எந்த வருசத்து அர்த்தம்னு சேத்து எழுதணும்.

இன்னொண்ணு "தொப்பூர்". சேலத்துக்குப் போற நாற்பத்தி நாலாம் நம்பர் நெடுஞ்சாலையில தொப்பூர் கணவாய், தர்மபுரியில இருந்து போகும்போது எறக்கம், லோடு ஏத்துன லாரிங்க பிரேக் புடிக்காம எத்தனையோ விபத்து நடந்த ரோடு. நாங்க அப்போ, பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாம வேகம் புடிச்சு ஏடாகூடமாப் பேசிடறவங்கள "தொப்பூர் எறங்கிட்டா"ன்னு சொல்வோம். ரொம்பப் பொருத்தமான சொல்லு, எல்லா ரூம்லயும் பரவுச்சு. மூணாவது வருசம் எங்க கீழ் மாடியில இருந்த ஒரு பொண்ணோட அண்ணன் அந்த எறக்கத்துல போயிட்டாரு. சாவுக்குப் போயிட்டு வந்தோம். அன்னைக்கு ராத்திரி இருந்து அந்தச் சொல்ல யாரும் சொல்லல. யாரும் யாரையும் சொல்லாதன்னு சொல்லல, கூட்டம் போட்டு முடிவு எடுக்கல, ஒருநாள்ல அது ஹாஸ்டல் முழுக்கச் செத்துப் போச்சு. எனக்கு மொழியப் பத்திப் பொஸ்தகத்துல கெடைக்காத ஒரு பாடம் அன்னைக்குக் கெடைச்சுது, சொல்லு வாழறது அதக் கேக்கப் போறவங்க மூஞ்சிய நெனச்சுப் பேசறவங்க வாயிலதான். அந்த ஃபார்வர்டு பட்டியல்ல தொப்பூர் இல்ல, இருக்கவும் முடியாது, அது எங்கள விட்டு வெளிய போறதுக்குள்ள நாங்களே அடக்கம் பண்ணிட்டோம்.

சரி, ஒரு ஃபார்வர்டுக்கு எதுக்கு இவ்ளோன்னு என் தங்கச்சி கேட்டா. எனக்குக் கோவம் வந்ததுக்குக் காரணம் எங்க சொல்ல யாரோ எடுத்துக்கிட்டாங்கங்கறது இல்ல, எடுத்துக்கட்டும், அதுக்குத்தான் சொல்லு. ஆனா 2009ல இந்த ஊர்ல படிச்ச சாதாரணப் பொண்ணுங்க உண்டாக்குனதுன்னு சொன்னா மதிப்பில்ல, அதியமான் காலம்னு சொன்னாத்தான் மதிப்புன்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. அதியமானுக்கும் ஔவைக்கும் நம்ம கதை தேவையில்ல, புறநானூறு அவங்களப் பத்தி வேண்டியதச் சொல்லிருச்சு, ஆயிரக்கணக்கான வருசம் தாண்டி அந்த நெல்லிக்கனி வந்து சேந்துருச்சு. பொய்ய அதுகூடச் சேத்துக் கட்டுனா ஒருநாள் புதுசா படிக்க வர்ற பையன் ரெண்டையும் ஒண்ணா நம்புவான், இல்லன்னா ரெண்டையும் ஒண்ணா சந்தேகப்படுவான். இன்னொண்ணு, அந்தக் காரணத்துல காவிரி இருந்துச்சு. கபினி, பிலிகுண்டுலு, பரிசல்காரங்க பொழப்பு, தண்ணி ஏறுனா அவங்களுக்கு அன்னைக்கு வருமானம் இல்லங்கறது, அதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருந்துச்சு. கனல் அடின்னு மாத்துனதும் ஆறு காணாமப் போச்சு.

குரூப்ல நான் பதில் போட்டேன், இது எங்க ஹாஸ்டல்ல உண்டானது, கூட இருந்தவங்க இன்னும் இருக்காங்க, கேட்டுப் பாருங்கன்னு. மாமா ஒருத்தர், "உனக்கென்னம்மா தெரியும், பெரியவங்க சொன்னது"ன்னு போட்டாரு. யாரு பெரியவங்கன்னு கேட்டேன், அவருக்கு வேற குரூப்ல இருந்து வந்துச்சாம். எங்க அப்பா மட்டும் எனக்குத் தனியாப் போன் பண்ணி, "என்னப் பத்தித்தானா அது?"ன்னு கேட்டாரு. ஆமாம்பான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அன்னைக்கு எத்தனைன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டாரு. இருபதாயிரம்பான்னேன். "அவ்ளோதானா"ன்னாரு.

அதுக்கப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சிருக்கேன். சொல்லு, அர்த்தம், எந்த வருசம், எந்த எடம், மொதல்ல எந்தச் சமயத்துல சொன்னது, இப்போ யாரு சொல்றாங்க, நின்னு போச்சுன்னா எப்போ நின்னுச்சு. ரூம்ல இருந்த நாலு பேரையும் போன்ல புடிச்சுட்டேன், ஒருத்தி அரூர்ல டீச்சரா இருக்கா, ஒருத்தி பெங்களூரு, ஒருத்தி துபாய். "கன அடி"க்கு அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டோம், அது சுலபமா முடிஞ்சுது. "டோல்கேட்"லதான் சிக்கல். வீட்ட விட்டு வெளிய போகணும்னா காசோ மிட்டாயோ வாங்கிக்கிட்டுத்தான் விடற தம்பி தங்கச்சிக்கு நாங்க வச்ச பேரு அது, கிருஷ்ணகிரி டோல்கேட்ட நெனச்சு வச்சது. அத மொதல்ல சொன்னது தான்தான்னு அரூர்க்காரி சொல்றா, தன் தம்பிய வச்சுத்தான் வந்துச்சுன்னு பாலக்கோட்டுக்காரி சொல்றா, தம்பிகிட்டயே கேட்டேன், அவனுக்கு அப்போ ஏழு வயசு, ஞாபகமில்லக்கான்னுட்டான். ரெண்டு பேரு சொன்னதையும் ரெண்டு பத்தியா எழுதி, நடுவுல ரெண்டு வரி எடம் விட்டு வச்சிருக்கேன்.